வியாழக்கிழமை ரபி

சனிக்கிழமை வழிபாடு முடிந்ததும் ரபி ஏலி சில்பர் மேடையை விட்டிறங்கிக் கடைசிப் படிக்குப் பக்கத்தில் நிற்பார். முகத்தில் சிரிப்பு இருக்கும். கைகொடுக்க வலது கை தயாராக இருக்கும். அவர்தான் அந்த யூதச் செபக்கூடத்தின் குரு. காலையிலிருந்து நின்று செபம் நடத்தி, பிரசங்கமும் செய்து களைத்தவர். ஆனால் சனம் அவரிடம் வராது. நேரே மூன்றாவது வரிசைக்குப் போகும்.

அங்கே ரபி மென்டல் இருப்பார். முப்பது வருடம் அதே மேடையில் நின்றவர். ஓய்வு பெற்று எட்டு வருடமாகிவிட்டது. ஆனால் அந்த வரிசையை விட்டு மட்டும் ஓய்வு பெறவில்லை. வருபவர்களின் கன்னத்தைத் தட்டி, "உன் முழங்கால் எப்படி? மாமியார் இன்னும் உன்னோடு பேசுவதில்லையா? அதிர்ஷ்டக்காரன்!" என்பார். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் ரபி ஏலியின் நெஞ்சில் வைத்த கொள்ளி.

இதை வாராவாரம் பார்க்கிற ஒருவர் இருந்தார். அல்பேட். மன்னார்க்காரர், கத்தோலிக்கர். ரொறொன்ரோவின் கிழக்கே மோர்னிங்சைட்டிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்து, நகரின் வடக்கே இருந்த அந்தச் செபக்கூடத்தைப் பராமரித்தார். கதிரை அடுக்குவது, தரை கழுவுவது, வாசலில் பனி தள்ளுவது எல்லாம் அவர்தான். ஊர்ப் பழக்கத்தில் அவர் இரண்டு ரபிமாரையும் வீட்டில் மனைவி எமில்டாவிடம் பெரிய சுவாமி, சின்ன சுவாமி என்றுதான் சொல்வார். சின்ன சுவாமிக்கு வயது ஐம்பத்திரண்டு.

"எமில்டா, இண்டைக்கும் சின்ன சுவாமியின்ர முகம் கறுத்துப் போச்சுது."

"உங்களுக்கு உதே வேலை. அந்த மனிசன்ர முகத்தைப் பாக்கவோ சம்பளம் தாறாங்கள்?"

"பாவமப்பா. கேக் எடுக்கப் போற சனம்கூடப் பெரிய சுவாமியைச் சுத்தித்தான் போகுது."

"அப்ப நீங்கள் போய்க் கை குடுங்கோவன்."

"குடுத்தனான். கோப்பை கழுவின ஈரக் கை. அதையும் இறுக்கிப் பிடிச்சார், விடேல்லை."

ரபி ஏலி பிறந்தது கனடாவின் வினிபெக் நகரில். தகப்பன் மெத்தை தைக்கும் கடை வைத்திருந்தார். ஏலிக்குப் பதினேழு வயதில் அவர் கடையிலேயே விழுந்து இறந்துபோனார். இறந்தவருக்கான செபத்தைப் பிள்ளை சொல்வதென்றால் யூதர் பத்துப்பேர் கூடியிருக்கவேண்டும். அந்தக் கொடும் குளிரில் இறைச்சிக்கடைக்காரர், பஸ் சாரதி, பல் வைத்தியர் என்று ஒவ்வொரு மாலையும் பத்துப்பேர் வேலை உடுப்போடு வீட்டுக்கு வந்தார்கள். 'நானும் இப்படி வருகிற ஆளாக இருக்கவேண்டும்' என்று பையன் முடிவெடுத்தான். நியூயோர்க்கில் படித்தான். இரண்டு சின்ன ஊர்களில் ரபியாக இருந்தான். பிறகு ரொறொன்ரோ அழைத்தது.

வந்த பிறகுதான் ரபி வேலை என்பது செபம் மட்டுமல்ல என்று முழுதாகப் புரிந்தது. குரல் உடைகிற பிள்ளைகளுக்கு வேதம் ஓதப் பழக்கவேண்டும். கலியாணத்துக்கு முதல் நாள் சண்டை பிடிக்கும் சோடிகளைச் சமாதானப்படுத்தவேண்டும். கார் நிறுத்தும் இடத்துக்காக இரண்டு மூத்த உறுப்பினர்கள் முறைத்துக்கொண்டால் நடுவில் நிற்கவேண்டும். வைத்தியசாலை, மயானம், நிர்வாகக் கூட்டம். வெள்ளிக்கிழமை மதியம்வரை பிரசங்கத்தோடு மல்லுக்கட்டு. எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்தார். அன்பைத் தவிர எல்லாம் கிடைத்தது. மரியாதை கிடைத்தது, சம்பளம் கிடைத்தது, வருடாவருடம் நன்றி சொல்லி ஒரு பூச்செண்டும் கிடைத்தது.

ஆனால் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தாலும், ஒரு வீட்டில் உயிர் போனாலும் முதல் கேள்வி இதுதான்: "ரபி மென்டல் வருவாரா?"

அதற்கு ஒரு முறை இருந்தது. ஓய்வு பெற்ற ரபி தன் பழைய சபையில் எந்தச் சடங்கையும் தானாகச் செய்யக்கூடாது. பதவியில் இருக்கும் ரபி தன் வாயால் அழைக்கவேண்டும். ரபி மென்டல் இந்த முறையை இம்மியும் மீறமாட்டார். யார் காலில் விழுந்தாலும், "ரபி ஏலி கூப்பிட்டால் வருகிறேன். அவர்தான் உங்கள் ரபி," என்று சொல்லி அனுப்பிவிடுவார். மீறினாலாவது கோபப்படலாமே! அதற்கும் வழியில்லை. ஒவ்வொரு முறையும் ரபி ஏலியே ஃபோனை எடுத்துத் தன் நெஞ்சைச் சுடும் மனிதரைத் தன் வாயால் அழைத்தார்.

"ரபி மென்டல், பிள்ளைக்குப் பெயர் வைக்க நீங்கள்தான் வேண்டுமாம்."

"உங்களுக்குச் சம்மதம் என்றால்தான், ரபி."

"சம்மதம்."



எட்டு வருடத்தில் ஒரே ஒரு வீடுதான் தனக்கென்று கிடைத்ததாக ரபி ஏலி நம்பினார். அது டெப்ராவின் வீடு. டெப்ரா பாடசாலை ஆசிரியை. கணவன் ஹாவி கண்ணாடிக் கடை நடத்தினார். ஒரு மகள். டெப்ராவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து ரபி ஏலி வியாழக்கிழமை தவறாமல் அந்த வீட்டுக்குப் போனார். முதல் நாளே அவள் சொன்னாள், "ரபி, எனக்குக் கடவுளைப் பற்றிப் பேசவேண்டாம். ஹொக்கி தெரியுமா?"

"நான் வினிபெக்."

"ஐயோ பாவம், எப்போதும் தோற்கிற ஊர். சரி, உட்காருங்கள்."

ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான். ஹொக்கியில் தொடங்கும் பேச்சு எங்கெங்கோ போகும். வலியைப் பற்றி, பயத்தைப் பற்றி, யாருக்கும் சொல்லாதவை பற்றி. தலைமுடி கொட்டிய பிறகும் அவள் சிரித்தாள். அந்த அறைக்குள் போகும்போது மட்டும் ரபி ஏலிக்கு மூன்றாவது வரிசை மறந்துபோகும்.

டெப்ரா நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இறந்தாள்.

அன்று காலைதான் அல்பேட் செபக்கூடத்தின் அலுவலக அறைக்குள் எட்டிப்பார்த்து ஒரு செய்தி சொல்லியிருந்தார். புளோரிடாவில் மகளிடம் போயிருந்த ரபி மென்டலையும் மனைவியையும் விமான நிலையத்திலிருந்து ஏற்றிவந்து வீட்டில் விட்டாராம். "நல்லது," என்று தலை நிமிராமல் சொன்னார் ரபி ஏலி.

மதியம் வீட்டுக்கு வந்த பிறகு ஹாவியின் குரல் ஃபோனில் உடைந்து வந்தது. ரபி ஏலி அழுதார். அவரோடு சேர்ந்து அழுதார். நாளைக்கே அடக்கம் என்று முடிவானது. பிறகு ஹாவி தயங்கினார்.

"ரபி, ஒரு உதவி. ரபி மென்டல் பேசுவாரா? எங்களுக்குக் கலியாணம் செய்துவைத்தவர் அவர்தானே."

ஐயோ! இந்த வீடுமா? இத்தனை வியாழக்கிழமைகள், கையைப் பிடித்துக்கொண்டு இருந்த இத்தனை மாலைகள், எல்லாம் ஒரு கலியாணத்துக்கு முன்னால் தூசாகிவிட்டனவா? ரபி ஏலியின் வாய் தானாகத் திறந்தது.

"அவர் ஊரில் இல்லை, ஹாவி. புளோரிடாவில் இருக்கிறார்."

"ஓ," என்றார் ஹாவி. "சரி. அப்படியென்றால் நீங்களே."

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் மனைவி நவோமி சமையலறை வாசலில், கையில் துவாயோடு நின்றாள்.

"யார் புளோரிடாவில்?"

"இதில் நீ தலையிடாதே."

"இப்போதுதான் மென்டலின் மனைவி எனக்கு ஃபோன் பண்ணி, இந்தக் குளிருக்கா திரும்பி வந்தோம் என்று புலம்பினாள். அவள் மட்டும் வந்துவிட்டாளா? மனிசனைக் கடற்கரையில் காயப் போட்டுவிட்டாளா?"

"நவோமி!"

"ஏலி, நீ அந்தப் பெண்ணைக் காதலித்தாய் என்று சொல். தட்டை எறிந்து உடைத்துவிட்டு மன்னித்துவிடுவேன். ஆனால் எண்பது வயதுக் கிழவர்மேல் பொறாமைப்பட்டுச் செத்தவீட்டில் பொய் சொல்கிறாயே, இதற்கு நான் எந்தத் தட்டை உடைக்க?"

அவர் மேசைக்குப் போய் இருந்தார். டெப்ராவைப் பற்றி எழுதினார். எழுத எழுதக் கண்ணீர் வழிந்தது. கண்ணீர் பொய்யல்ல.

மறுநாள் அவர் பேசியதுபோல அந்தச் சபையில் யாரும் பேசியதில்லை. அவளுடைய பகிடிகளைச் சொன்னார், அதில் ஒன்று பஸ்ஸில் நடந்தது. சனம் சிரித்தது. அடுத்த வசனத்திலேயே அழுதது. மகள் தேம்பினாள். ஹாவி மட்டும் கல்லாக இருந்தார். ரபி ஏலி மேடையிலிருந்து முகங்களைப் பார்த்தார். இன்றைக்கு இவர்கள் என்னுடையவர்கள் என்று நெஞ்சு விம்மியது. துக்கத்துக்குள்ளே அந்த இனிப்பு! எத்தனை கேவலம், எத்தனை ஆனந்தம்!

மயானத்தில் மெல்லிய பனி விழுந்துகொண்டிருந்தது. பெட்டியை இறக்கிய பிறகு உறவினரும் நண்பரும் தங்கள் கையாலேயே மண் போடுவது யூதர்களின் வழக்கம். மண்வெட்டியை ஆளுக்கு ஆள் கைமாற்றக்கூடாது. துக்கம் கைமாறக்கூடாதாம். ஒருவர் மண் போட்டுவிட்டு அதை நிலத்தில் குத்திவைப்பார். அடுத்தவர் தானாக எடுப்பார். ஹாவி மூன்று முறை மண் போட்டார். குத்திவைத்தார். விலகினார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஊன்றுகோலோடு ஒருவர் வந்து, குனிந்து, நிலத்திலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினார்.

ரபி மென்டல்.

யாரும் அழைக்கவில்லை. மண் போட வருவதற்கு அழைப்புத் தேவையில்லையே!

ஹாவி திகைத்துப்போய்ப் பார்த்தார். "நீங்கள் புளோரிடாவில் அல்லவா?"

கிழவரின் கண்கள் ஒரு கணம் ரபி ஏலியின் முகத்தில் பட்டன. அந்த முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. அவர் படித்தார். மண்ணைப் போட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார், "நேற்றுத்தான் வந்தேன், ஹாவி. ரபிக்குத் தெரிந்திருக்காது."

ரபி ஏலி தப்பிவிட்டார். யாருக்கும் இனித் தெரியப்போவதில்லை. நிம்மதி வந்ததா? இல்லை. எரிச்சல்தான் இன்னும் ஓங்கி எரிந்தது. காப்பாற்றியதும் அவரா? பெருந்தன்மையிலும் எனக்கு இடம் வைக்கமாட்டாரா இந்த மனிதர்?

அடக்கம் முடிந்தால் ஏழு நாள் துக்கம். துக்கக்காரர் உயரம் குறைந்த கதிரைகளில் இருப்பார்கள், சனம் வந்து போகும். அதற்கான கதிரைகளையும் செபப் புத்தகங்களையும் செபக்கூடம்தான் கொடுத்துவிடும். அன்று மாலை அல்பேட் அவற்றை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஹாவியின் வீட்டுக்குப் போனார். ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தார். சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தபோது அவருக்கே முகம் வெளிறியிருந்தது.

"எமில்டா, நான் என்னவோ பிழை விட்டிட்டன் போல."

"என்ன விட்டனீங்கள்? வானை இடிச்சுப்போட்டியளோ?"

"இல்லையப்பா. பெரிய சுவாமி அடக்கத்துக்கு வந்தது நல்லதெண்டு சொன்னன். நான்தான் ஞாயிறு காலமை ஏத்திக்கொண்டு வந்தனான் எண்டன். வந்த கையோட சின்ன சுவாமிக்கும் சொன்னனான் எண்டன்."

"அதுக்கென்ன?"

"அந்த மனிசன் கதிரையைப் பிடிச்சபடி நிண்டிட்டார். 'காலமையே சொன்னியா, மத்தியானத்துக்கு முன்னமோ?' எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டார். ஓம் எண்டன். முகம் சுவர் மாதிரிப் போச்சுது."

எமில்டா தலையில் கை வைத்தாள். "உங்களை ஆர் கதிரை இறக்கப் போன இடத்தில கதை இறக்கச் சொன்னது?"

மறுநாள் ரபி ஏலி துக்க வீட்டுக்குப் போனார். யூதத் துக்க வீட்டில் ஒரு முறை உண்டு. துக்கக்காரர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக்கூடாது. வணக்கமும் இல்லை, ஆறுதலும் இல்லை. இருப்பதுதான் ஆறுதல். அவர் ஹாவிக்கு எதிரே கதிரையில் இருந்தார். ஹாவி நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பேசவில்லை.

அங்கே உதவிக்கு நின்ற அல்பேட், தேநீர்த் தட்டோடு வந்தவர், ரபி ஏலியைக் கண்டதும் தட்டைப் பார்த்தபடியே திரும்பி நடந்தார். அப்போதுதான் ரபி ஏலிக்கு ஞாயிறு காலை அல்பேட் சொன்ன செய்தி நினைவு வந்தது.

ஹாவிக்குத் தெரிந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்கவேண்டும். இப்போதே, காலைப் பிடித்தாவது கேட்கவேண்டும். ஆனால் வாய் திறக்க உரிமை இல்லை. எத்தனையோ பேருக்கு இந்த முறையை அவர்தானே கற்றுக்கொடுத்தார்! அடுத்த தெருக்காரர் வந்தார். ஹாவி அவரோடு பேசினார். டெப்ராவின் பாடசாலைப் பிள்ளைகள் வந்தார்கள். பேசினார். கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் பையன் வந்து எதுவும் தெரியாமல் "ஹாய்" என்று உளறினான். அவனைத் தட்டிக்கொடுத்துப் பேசினார். பிறகு ரபி மென்டல் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்தார். இன்னும் கதிரையில் இருக்கவுமில்லை, ஹாவி சொல்லிவிட்டார், "வாருங்கள், ரபி."

ரபி! அந்தச் சொல் அவருக்கு. எனக்கு ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. ரபி ஏலியின் கை கதிரையின் விளிம்பை இறுக்கியது. எழுந்து போய்விடலாம். காரியாலயத்தில் ஆயிரம் வேலை. ஆனால் எழுந்தால் இந்த வீட்டுக் கதவு அவருக்கு என்றைக்கும் மூடிவிடும் என்று தெரிந்தது. இருந்தார். மாலைச் செபம் நடத்தினார். மறுபடியும் இருந்தார். அடுத்த நாளும் வந்து இருந்தார். அதற்கடுத்த நாளும்.

அது வியாழக்கிழமை. மதியத்தில் சனம் குறைந்தது. மகள் மேலே தூங்கப் போய்விட்டாள். ஹாவியும் ரபியும் மட்டும்.

"அவள் இன்றைக்கு லிப்ஸ்டிக் போடுவாள்," என்றார் ஹாவி திடீரென்று.

மூன்று நாளில் அவர் ரபியிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"வியாழக்கிழமை மட்டும் போடுவாள். கை நடுங்கும். நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகு நீங்கள் வருவீர்கள். கதவு சாத்தும். நான் சமையலறையில் நின்று அவள் சிரிப்பதைக் கேட்பேன். என்னோடு அவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று, தெரியுமா? என்னோடு மாத்திரை, வாந்தி, காப்புறுதி, சண்டை. உங்களோடு சிரிப்பு."

"ஹாவி, நான் பொய் சொன்னேன். மென்டல் வந்தது எனக்குத் தெரியும்."

"தெரியும். அல்பேட் சொன்னார்." ஹாவியின் குரல் உயர்ந்தது. "நான் ஏன் மென்டலைக் கேட்டேன் என்று நினைத்தீர்கள்? அவர் உங்களைவிட நன்றாகப் பேசுவார் என்றா? ரபி, உங்களைப் பேச விடக்கூடாது என்றுதான் கேட்டேன்! எனக்குத் தெரியாத என் மனைவியை நீங்கள் எல்லோருக்கும் முன்னால் எடுத்துக் காட்டுவீர்கள் என்று பயந்தேன். அதையேதான் செய்தீர்கள். அந்த பஸ் பகிடி எனக்குத் தெரியாது. இருபது வருடம் ஒன்றாக வாழ்ந்தேன். அது எனக்குத் தெரியாது!"

எட்டு வருடமாக ரபி ஏலி எந்த நெருப்பில் வெந்தாரோ, அதே நெருப்பில் ஒரு மனிதன் சமையலறையில் நின்று வெந்திருக்கிறான். மூட்டியது யார்? அவர்! மூன்றாவது வரிசையைப் பார்த்துப் பொருமிய கண்ணுக்கு, பக்கத்து அறையில் நின்றவன் தெரியவில்லையே!

"அவள் உங்களிடம் என்ன சொன்னாள்?" என்று ஹாவி கெஞ்சினார். "உள்ளே என்னதான் பேசினீர்கள்?"

"பாதி ஹொக்கி."

"மற்றப் பாதி?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் ஹாவி அந்தக் கணமே மன்னித்துவிடுவார் என்று ரபி ஏலிக்குத் தெரிந்தது. அவள் கணவனைப் பற்றிச் சொன்ன நல்லதும் இருந்தது. ஆனால் அதை எடுத்தால் மற்றதும் கூடவே வரும். நம்பிச் சொன்னவள் மண்ணுக்குள் இருக்கிறாள்.

"அது அவளுடையது, ஹாவி. நான் தரமுடியாது. உங்களிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. உங்கள் மனைவியைப் பற்றி யார் பேசுவது என்று சொல்வது உங்கள் உரிமை. அதை நான் திருடிவிட்டேன்."

ஹாவி நெடுநேரம் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "முப்பதாம் நாள் நினைவுக் கூட்டத்தில் மென்டல் பேசட்டும். நீங்கள் கீழே இருந்து கேளுங்கள்."

"இப்போதே அவரை அழைக்கிறேன்."

"நான் மன்னித்தேன் என்று சொல்லவில்லை."

"நான் மன்னிப்புக் கேட்டது கேட்டபடி இருக்கட்டும்."

முப்பதாம் நாள் ரபி மென்டல் பேசினார். வயது போய்விட்டது. டெப்ராவின் மகளின் பெயரை மாற்றிச் சொன்னார். ஒரே கதையை இரண்டு தடவை தொடங்கினார். சனம் கண்ணீரும் சிரிப்புமாகக் கேட்டது. யாருக்கும் அந்தப் பிழைகள் உறைக்கவே இல்லை. கீழே நடு வரிசையில் இருந்த ரபி ஏலிக்கு நெஞ்சு எரிந்தது. பழைய எரிச்சல்தான். அது போய்விடவில்லை. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, அதோடேயே இருந்து கேட்டார்.

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. யாரோ வந்து இருந்தார்கள். திரும்பினால் ஹாவி. முன் வரிசையில் அவருக்கென்று போட்ட இடத்தை விட்டு எழுந்து வந்திருந்தார்.

இருவரும் மேடையையே பார்த்தார்கள். கிழவர் மூன்றாம் தடவையாக அதே கதையைத் தொடங்கினார்.

ஹாவி ரபியின் காதோரம் சாய்ந்தார்.

"அன்றைக்கு நீங்கள் நன்றாகப் பேசினீர்கள், ரபி. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை."